"கண்ணு எந்த ஸ்கூலு?" பள்ளிக்கூடம் போகாமல் பிளஸ் டூ முடித்த கதை

பட்டறைப்பொண்ணு (கரூர்)

கல்யாணப் பந்தியில் இலை போட்டுத் தண்ணீர் தெளிப்பதற்குள் பக்கத்து நாற்காலியிலிருந்து கேள்வி வந்துவிடும். "கண்ணு எந்த ஸ்கூலு?" 2022-லும் 2023-லும் எனக்கு இதற்குப் பதில் இல்லை. "என்ஐஓஎஸ்ங்க" (தேசிய திறந்தநிலைப் பள்ளி) என்றால் "அது எங்க இருக்குது, ஈரோடு ரோட்லயா?" என்பார்கள். தலைமையகம் நொய்டாவில் என்று உண்மையைச் சொன்னால், பொட்டப்புள்ளையை டெல்லிப் பக்கமா அனுப்பினீங்க என்று அம்மாவைப் பிடித்துக்கொள்வார்கள். கடைசியில் அம்மாவே ஒரு பதில் கண்டுபிடித்தார்: "ஆன்லைன்ல படிக்கிறா." ஊரடங்கு புண்ணியத்தில் அது எல்லோருக்கும் புரிந்தது. தப்பாகத்தான் புரிந்தது.

ஊரடங்கு ஆன்லைன் வேறு. அதில் காலை ஒன்பது மணிக்கு மிஸ் வருவார், பேர் கூப்பிடுவார், கேமராவை ஆஃப் செய்துவிட்டு நாம் தோசை சாப்பிடுவோம். ஏமாற்றுவதற்காவது ஒரு ஆள் இருந்தார். தேசிய திறந்தநிலைப் பள்ளியில் அதுவும் கிடையாது. ஐந்து பாடம் எடுத்துப் பதிந்தால் புத்தகம் வரும், அதே புத்தகம் இணையத்திலும் இருக்கும், வீடியோ பாடங்கள் மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் இருக்கும். தேர்வு ஏப்ரல்-மே ஒரு முறை, அக்டோபர்-நவம்பர் ஒரு முறை. பதிவு ஐந்து வருஷம் செல்லும், அதற்குள் ஒன்பது தடவை தேர்வு எழுதலாம். பாஸான பாடம் கணக்கில் நின்றுவிடும், மீதியை மட்டும் எழுதினால் போதும். நேரடி வகுப்பு வைப்பார்கள், வந்தால் வா, வராவிட்டால் போ.

நான் ஏன் இங்கே வந்தேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021-இல் பத்தாவது. எங்கள் செட்டுக்குப் பொதுத்தேர்வே இல்லை, சான்றிதழில் மார்க் இல்லை, வெறும் தேர்ச்சி. அதை ஈடுகட்ட என்று வீட்டில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். பெயர் வேண்டாம். காலை ஐந்து மணிக்கு விசில், இரவு பத்தரைக்கு விளக்கணைப்பு, பதினொன்றாம் வகுப்பில் உட்கார்ந்து பன்னிரண்டாம் வகுப்புப் பாடம். டிசம்பரில் என் தலைமுடி கொத்தாக வந்தது. அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்தவர், எதுவும் பேசாமல் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு "வா கண்ணு போலாம்" என்றார். கட்டிய ஃபீஸ் போனது போனதுதான்.

2022-இல் என்ஐஓஎஸ்ஸில் பதிந்தேன். ஆங்கிலம், இயற்பியல், வேதியியல், உயிரியல், உளவியல். கடைசிப் பாடம் இங்கே இருந்ததால்தான் எடுத்தேன். எங்கள் ஊர்ப் பள்ளிகளில் அந்தப் பேச்சே கிடையாது.

முதல் ஐந்து மாதம் நான் ஒன்றுமே படிக்கவில்லை. இதை வீட்டிலேயே இன்னும் முழுதாக ஒப்புக்கொண்டதில்லை. சும்மாவும் இருக்கவில்லை, தினமும் நாலு மணி நேரம் வீடியோ பார்த்தேன். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கும்போது எல்லாமே புரிந்த மாதிரி இருக்கும். ஆகஸ்டில் பழைய கேள்வித்தாள் ஒன்றை எடுத்து வைத்தேன். முதல் பக்கத்தில் மூன்று கேள்விக்கு மேல் பேனா நகரவில்லை. அடுத்தவர் சமைப்பதைப் பார்த்தால் வயிறு நிறையுமா?

அம்மாவுக்கு எப்படியோ தெரிந்திருக்க வேண்டும். திட்டவில்லை. அப்பாவிடம் சொல்லி என்னைப் பட்டறைக்கு அனுப்பினார்.

அப்பா பஸ் பாடி கட்டும் பட்டறையில் டிங்கர். கரூரில் ஜவுளி, கொசுவலை மாதிரி இதுவும் பெரிய தொழில். வெறும் சேசிஸ் மட்டும் வரும். கதவு, கண்ணாடி, கூரை எதுவும் இருக்காது. ஓட்டுநர் தலைக்கு ஹெல்மெட்டும் கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு வெட்டவெளியில் உட்கார்ந்து பல நூறு கிலோமீட்டர் ஓட்டிவருவார். அதற்கு மேல் சட்டம் கட்டி, தகடு அடித்து, சீட் போட்டு, பெயின்ட் அடித்து அனுப்புவார்கள். கணக்கெழுதும் அக்காவின் அறையில் எனக்கு ஒரு மேசை. காலை ஒன்பதுக்கு அப்பாவின் டிவிஎஸ் எக்ஸெல்லில் போய் இறங்குவேன். பதினொன்றுக்கு டீ, ஒன்றுக்குச் சாப்பாட்டு மணி, ஆறுக்கு வீடு. வெளியே கிரைண்டர் கத்தும், ரிவிட் அடிப்பார்கள். அந்தச் சத்தத்தில்தான் எனக்குப் படிப்பு வந்தது. சுற்றி எல்லோரும் வேலை செய்யும்போது நான் மட்டும் போனை நோண்டினால் கூச்சமாக இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

வேகத்தை நானே அளந்துகொண்டேன். ஒரு சேசிஸ் உள்ளே வந்து பஸ்ஸாக வெளியே போவதற்குள் வேதியியலில் ஒரு பகுதி முடிய வேண்டும். ஒரு தனியார் பஸ்ஸுக்கு அவசர ஆர்டர் என்று இரவும் பகலும் வேலை நடந்தபோது எனக்குக் கரிம வேதியியல் மாட்டியது. பஸ் ஜெயித்துவிட்டது.

2023 ஏப்ரலில் ஆங்கிலம், உயிரியல், உளவியல். அக்டோபரில் இயற்பியலும் வேதியியலும். கூடப் படித்தவர்களைவிட ஒரு வருஷம் பின்னால் கல்லூரிக்குப் போனேன். இப்போது பி.எஸ்சி. உளவியல். கேட்பவர்கள் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.


சேலத்து_அம்மா

உங்க அப்பாவை நினைத்துக் கண் கலங்கிடுச்சுமா. என் பையன் பதினொன்றாவது. ஜூலையிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் தலைவலி, வயிற்றுவலி. டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார். திங்கட்கிழமை காலையில்தான் வலிக்கிறது, அதிலிருந்தே எனக்குத் தெரியாதா? இந்த ஓப்பன் ஸ்கூல் பற்றி விசாரித்தேன். பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்த நம்பருக்குப் பேசினால், மொத்தமாகப் பணம் கட்டிவிடுங்கள், பாஸ் எங்கள் பொறுப்பு என்கிறார் ஒருவர். நம்பலாமா? அப்புறம் கல்லூரியில் இதை எடுத்துக்கொள்வார்களா?


பட்டறைப்பொண்ணு (கரூர்)

அக்கா, அந்த நம்பரை உடனே அழியுங்க. பாஸ் எங்கள் பொறுப்பு என்று சொல்பவர் யாராக இருந்தாலும் அவரிடம் பத்துப் பைசா கொடுக்காதீங்க. என்ஐஓஎஸ் இணையதளத்தில் நீங்களே நேரடியாகப் பதியலாம். பத்தாவது சான்றிதழ், ஆதார், போட்டோ, கையெழுத்து இருந்தால் ஒரு மணி நேர வேலை. படிப்பு மையம் எது என்று அதிலேயே தேர்ந்தெடுக்கலாம்.

சிபிஎஸ்இ மாதிரி இதுவும் தேசிய அளவிலான வாரியம், கல்லூரியில் செல்லும். ஆனால் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டுமே! என்னிடம் "டி.சி. எங்கம்மா?" என்று கேட்டார்கள். எனக்குப் பள்ளியே இல்லை, டி.சி.க்கு எங்கே போவேன்? வாரியம் தரும் இடப்பெயர்வு மற்றும் மாற்றுச் சான்றிதழ்தான் நமக்கு டி.சி. அதைப் புரியவைக்க மூன்று நாள் நடந்தேன். ஒரிஜினலோடு நாலு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பத்தாவது பாஸான வருஷத்துக்கும் பன்னிரண்டாவது முடிக்கும் வருஷத்துக்கும் இரண்டு வருஷ இடைவெளி வேண்டும். சீக்கிரம் முடித்துவிடலாம் என்று யாராவது ஆசை காட்டினால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.


சாக்பீஸ்_62

முப்பது ஆண்டுகள் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுத்து ஓய்வு பெற்றவன். தங்கை எழுதியதை மதிக்கிறேன். ஆனால் இதைப் படித்துவிட்டு நாலு பெற்றோர் அவசரப்பட்டுப் பிள்ளையின் பெயரை வெட்டிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

சேலத்து அம்மா, உங்கள் மகன் படிப்பது அரசுப் பள்ளியா என்று முதலில் சொல்லுங்கள். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தால்தான் மருத்துவத்தில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. 2020-இல் அது வந்தது, அடுத்த ஆண்டே பொறியியல் முதலான படிப்புகளுக்கும் கொண்டுவந்தார்கள். கடைசி இரண்டு வருஷத்தை வெளியே படித்தால் அது போய்விடும். பெண் பிள்ளை என்றால் மாதம் 1000 ரூபாய் புதுமைப் பெண் உதவித்தொகையும் அப்படியே. நீட்டுக்கும் சொல்கிறேன். திறந்தநிலைப் பள்ளி மாணவர்கள் எழுதக் கூடாது என்று இருந்த விதியை 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2024 மார்ச்சில்தான் முடிந்தது. இன்று எழுதலாம். ஆனால் இடையில் அந்த ஆறு வருஷம் எத்தனை பிள்ளைகள் தவித்திருக்கும்?

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. தவறாகப் புரிந்துகொண்டால் திருத்த ஆள் இல்லை. வகுப்பில் ஒரு பையன் நெற்றியைச் சுருக்கினால் போதும், நான் அந்தக் கணக்கை மறுபடி போடுவேன். வீடியோவுக்கு உன் நெற்றி தெரியுமா?


வெட்டி_ஆபீசர்

திறந்தநிலைப் பள்ளின்னா புக்கைத் திறந்து வச்சு எழுதுறதுன்னுல்ல இவ்வளவு நாள் நினைச்சேன் 😀


பட்டறைப்பொண்ணு (கரூர்)

ஆபீசருக்கு: தேர்வு மையத்துக்கு வந்து பாருங்க, பென்சில் பாக்ஸைக்கூடத் திறந்து பார்த்துத்தான் உள்ளே விடுவாங்க.

ஐயா, 7.5 பற்றி நீங்கள் சொன்னது ரொம்ப முக்கியம். நான் தனியார் பள்ளியிலிருந்து வந்ததால் எனக்கு அது தோன்றவே இல்லை. சேலத்து அக்கா, இதை முதலில் பாருங்க.

தவறைத் திருத்துவது பற்றி ஒரு கதை சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். ஆடிகள் பாடத்தில் எந்தத் தூரம் பிளஸ், எது மைனஸ் என்று குறியீட்டு மரபு வருமே, அதை நான் வீடியோவில் ஓட்டிவிட்டேன். எல்லாத் தூரத்தையும் பிளஸ் என்றே போட்டுக் கணக்குச் செய்தேன். குழியாடிக் கணக்கெல்லாம் விடையின் எண் சரியாகவே வந்தது. நானும் மகாமேதை மாதிரி ஒரு நோட்டு முழுக்கப் போட்டுத் தள்ளினேன். குவியாடி வந்தது. நான் போட்டபடி பார்த்தால் பிம்பம் ஆடிக்கு முன்னால், தலைகீழாக விழ வேண்டும். பட்டறையில் பஸ்ஸுக்கு மாட்ட வைத்திருந்த பக்கக் கண்ணாடி மேசைக்குப் பக்கத்திலேயே சாய்த்து வைத்திருந்தார்கள். அது குவியாடிதானே? அதில் நான் நேராகத்தான் தெரிந்தேன், குட்டியாக. பின்னால் போனேன், நேராகத்தான் தெரிந்தேன். வெளியே வாசல் வரைக்கும் போய்ப் பார்த்தேன். கணக்கக்கா "என்ன புள்ள, பொட்டு சரியா இருக்குதான்னு பாக்கறியா?" என்றார்.

மூன்று மாதம், ஐயா. உங்கள் வகுப்பில் இருந்திருந்தால் மூன்று நிமிஷத்தில் தெரிந்திருக்கும். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குவியாடியை நான் இனி சாகும்வரை மறக்க மாட்டேன்.


சாக்பீஸ்_62

குவியாடியில் பிம்பம் எப்போதும் மாயமானது, நேரானது, சிறியது. இந்த ஒரு வரியை எத்தனை நூறு தடவை கரும்பலகையில் எழுதியிருப்பேன்! ஒரு பிள்ளைகூட பஸ் கண்ணாடியைப் பார்த்துவிட்டு வந்து சண்டை போட்டதில்லை. சந்தோஷம் அம்மா. ஆனாலும் என் கருத்தில் மாற்றமில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் பக்கத்தில் ஒரு பட்டறை இருக்காது. செய்முறை என்ன செய்தாய்?


பட்டறைப்பொண்ணு (கரூர்)

அங்கேதான் அடி வாங்கினேன். செய்முறை படிப்பு மையத்தில் நடக்க வேண்டும். எனக்கு ஒதுக்கிய மையத்தில் மொத்தத்தையும் நாலு நாளில் சுருட்டிவிட்டார்கள். திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விடும் கண்ணாடிக் குழாய் இருக்குமே, அந்த பியூரெட் ஒன்றுக்கு ஐந்து பேர். பதினேழு வயதில்தான் முதன்முதலாக பியூரெட்டைத் தொட்டேன், கை நடுங்கியது. இளஞ்சிவப்பு வந்ததும் நிறுத்த வேண்டும் என்று வீடியோவில் நூறு தடவை பார்த்திருக்கிறேன். என் குடுவையில் ரோஸ்மில்க் வந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த ஆளை வரச் சொன்னார்கள். அறிவியல் பாடம் எடுக்க நினைப்பவர்கள் பதியும் முன்பே அந்த மையத்துக்கு நேரில் போய், ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லிப் பாருங்கள்.


ஒர்லாண்டோ_குமரன்

இங்கே ஃபுளோரிடாவில் நிலைமை வேறு என்பதால் எழுதுகிறேன். மாநில அரசே நடத்தும் ஃபுளோரிடா விர்ச்சுவல் ஸ்கூல் 1997-லிருந்து இருக்கிறது. மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு இலவசம். அதில் ஃப்ளெக்ஸ் என்று ஒரு வகை, வருஷத்தில் எப்போது வேண்டுமானாலும் ஒரு பாடத்தை ஆரம்பித்து நம் வேகத்தில் முடிக்கலாம். என் மகள் பள்ளிக்கும் போய்க்கொண்டு கோடை விடுமுறையில் ஜியோமெட்ரி மட்டும் அதில் எடுத்தாள்.

நம் வேகம் என்று பெயர்தானே தவிர, வாரத்துக்கு இவ்வளவு என்று ஒரு அட்டவணை கையில் கொடுத்துவிடுகிறார்கள். பின்தங்கினால் ஆசிரியர் போன் செய்வார், மகளுக்கும் செய்வார், எனக்கும் செய்வார். ஒவ்வொரு பகுதியிலும் ஆசிரியரோடு போனில் பேசித் தேற வேண்டிய வாய்மொழித் தேர்வு ஒன்று உண்டு. எங்கிருந்தாவது பார்த்து எழுதியிருந்தால் அங்கே மாட்டிக்கொள்வோம். மகள் அந்தப் போனுக்கு முந்தின இரவெல்லாம் அறையில் நடந்துகொண்டே தனக்குத்தானே விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஏன் இவ்வளவு துரத்துகிறார்கள் என்று யோசித்திருக்கிறேன். மாணவர் பாடத்தைத் தேர்ச்சியோடு முடித்தால்தான் அந்தப் பள்ளிக்கு அரசு பணம் தரும். சேர்ந்த தலைக்கு அல்ல, முடித்த தலைக்கு. கரூர்த் தங்கைக்கு முதல் ஐந்து மாதத்தில் அப்படி ஒரு போன் வந்திருந்தால்?


பட்டறைப்பொண்ணு (கரூர்)

அண்ணா, வந்திருந்தால் எடுத்திருக்க மாட்டேன் 😀 ஆனால் போன் வந்ததே என்று இரவு தூக்கம் வந்திருக்காது. எனக்குக் கெடு என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான், டிஎம்ஏ என்கிற ஒப்படைப்பு. ஒரு பாடத்துக்கு ஆறு கேள்வி, கையால் எழுதி, ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். மதிப்பெண்ணில் 20 விழுக்காடு அதற்கு. ஜனவரி கடைசிக்குள் கொடுக்க வேண்டும் என்பதால் பொங்கலுக்குக் கரும்பு கடித்துக்கொண்டே எழுதினேன். உயிரியல் தாளில் ஒரு மூலையில் கரும்புச் சாறு ஸ்கேன் ஆகிவிட்டது.


ஸ்கார்பரோ_மாமி

நான் கனடாவில இருந்து எழுதுறன். இங்க ஒன்ராறியோவில 2020-21 இல ஒன்பதாம் வகுப்புத் தொடங்கின பிள்ளையளில இருந்து, ஹைஸ்கூல் முடிக்க ரெண்டு பாடம் ஒன்லைனில செய்யத்தான் வேணும் எண்டு சட்டம். விருப்பமில்லாட்டி பெற்றோர் எழுதிக் குடுத்து விலகலாம். எங்கட மூத்தவன் ஒரு பாடத்தைத் தன்ர பாட்டில படிக்கிற மாதிரிச் செய்தவன். ஒரு பாடந்தானே எண்டு நினைச்சன். கடைசி ரெண்டு கிழமையும் வீட்டில ஒருத்தரும் நித்திரை கொள்ளேல்ல.

இளையவள் அதே மாதிரிச் செய்தவள், ஒரு சத்தமும் இல்லை. நேரத்துக்கு முடிச்சுப்போட்டு இருந்தாள். ஒரே வீடு, ஒரே தாய், ஒரே கொம்பியூட்டர். அதால இது நல்லது, இது கூடாது எண்டு எனக்குச் சொல்லத் தெரியேல்ல பிள்ளை. உங்கட அம்மா உங்களைப் பட்டறைக்கு அனுப்பினதுதான் எனக்குப் பிடிச்சது. நான் மூத்தவனுக்குப் பக்கத்தில கதிரை போட்டு இருந்து தையல் செய்தனான். நான் எழும்பித் தேத்தண்ணி போடப் போனால் அவன்ர விரல் யூடியூப்புக்குப் போயிடும்.


பட்டறைப்பொண்ணு (கரூர்)

மாமி 😀 என் அனுபவத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவரைவிட, நம்மைக் கண்டுகொள்ளாமல் தன் வேலையைச் செய்பவர் பக்கத்தில் இருப்பதுதான் உதவியது. கணக்கக்கா ஒரு நாள்கூட "படிச்சியா?" என்று கேட்டதில்லை. ஒரே ஒரு முறை, அக்டோபர் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது, பட்டறைப் பையன்களிடம் "இந்தப் பக்கம் கிரைண்டர் போடாதீங்கடா" என்று சொன்னார். நான்தான் ஓடிப்போய்ப் போடுங்க அண்ணா என்றேன். அமைதியானதும் தூக்கம் வந்துவிட்டது.

கூட்டாளிகள் பற்றி யாரும் கேட்கவில்லை. நானே சொல்கிறேன், அதுதான் உண்மையான நஷ்டம். ஃபேர்வெல்லுக்குப் புடவை கட்டிக்கொண்டு என் பழைய வகுப்பே போட்டோ போட்டது. நான் அன்று சீட்டுக்கு ரெக்சின் வெட்டிக்கொண்டிருந்த அண்ணன்களுக்கு டீ வாங்கப் போயிருந்தேன். வாட்ஸாப் குழுவில் ஹார்ட் போட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன். எனக்கும் ஒரு புடவை எடுத்துக் கொடுத்தார் அம்மா, எதற்கென்று சொல்லவில்லை.


சேலத்து_அம்மா

எல்லாவற்றையும் பையனிடம் வாசித்துக் காட்டினேன். ஐயா, அவன் படிப்பது அரசு உதவி பெறும் பள்ளி, அதனால் அந்த 7.5 எங்களுக்கு முதலிலேயே இல்லை. நேற்று பள்ளிக்கே போய் வகுப்பாசிரியரிடம் பேசினேன். பின் பெஞ்சில் இரண்டு பேர் இவனைப் படுத்துகிறார்கள் என்று அங்கேதான் தெரிந்தது. இடம் மாற்றி உட்காரவைத்திருக்கிறார்கள். காலாண்டுத் தேர்வு வரை போகட்டும், பிறகு அவனே முடிவு சொல்லட்டும் என்று இருக்கிறோம்.

ஒருவேளை ஓப்பன் ஸ்கூல்தான் என்றால், என் தம்பிக்கு லீ பஜாரில் மிளகாய் மண்டி இருக்கிறது, அங்கே ஒரு மேசை போடலாமா என்று கேட்டேன். தும்மியே செத்துவிடுவேன் என்கிறான்.


பட்டறைப்பொண்ணு (கரூர்)

மிளகாய் வேண்டாங்க அக்கா, பாவம். வெல்ல மண்டி ஏதாவது இருக்குதான்னு பாருங்க. அவனிடம் இன்னொன்றும் சொல்லுங்க, காலாண்டு முடிந்து எந்த முடிவு எடுத்தாலும் எனக்கு ஒரு மெசேஜ் போடச் சொல்லுங்க. உளவியல் புத்தகமும் டிஎம்ஏ நகலும் அட்டைப்பெட்டியில் கட்டி வைத்திருக்கிறேன், வேண்டுமென்றால் சேலம் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். கரும்புச் சாறு பட்ட தாளும் அதில்தான் இருக்குது.